எந்த என்ஜின், எந்த ஆண்டு?

பொது ரயில்வேயின் பயணிகள் வண்டிகளோடு தொடர்பில்லாமல், ஓர் ஆலையின் மதில்களுக்குள்ளேயே வேகன்களைத் தள்ளியும் இழுத்தும் ஷண்டிங் வேலை பார்ப்பவை தொழிற்சாலை டீசல் என்ஜின்கள். உருக்காலை, கல் குவாரி, துறைமுகம், காகித ஆலை, எண்ணெய்க் கிடங்கு என்று சொந்தத் தண்டவாளம் வைத்திருந்த இடங்களிலெல்லாம் இவை ஓடின. பிரிட்டனில் லிங்கன் நகரின் ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பி, லீட்ஸ் நகரின் ஹன்ஸ்லெட், ஷ்ரூஸ்பரியின் சென்டினல் ஆகிய நிறுவனங்களும், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக், பிளிமத், விட்கோம், டேவன்போர்ட் போன்றவையும் இவற்றைக் கட்டி விற்றன. மாதிரி ரயில் கட்டுவோரிடம் இவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. உருவம் சிறியது, வளைவான தண்டவாளத்திலும் திரும்பும், மேசையளவு இடத்தில் ஒரு முழு ஆலையையே அமைத்துவிடலாம். ஆனால் ஒரு மாதிரி அசலுக்கு எவ்வளவு நெருக்கமானது என்று மதிப்பிட வரும்போது, பெரிய ரயில்வே என்ஜின்களைவிட இவையே கடினமானவை.

காரணம், இவை பிறந்த விதம். ரயில்வே நிர்வாகம் ஒன்று ஒரே வரைபடத்தின்படி நூற்றுக்கணக்கில் என்ஜின் செய்து வாங்கும்; அவற்றைப் படம் பிடித்தவர்களும் ஏராளம். தொழிற்சாலை என்ஜினோ கேட்லாக்கில் இருந்து விற்கப்படும் சரக்கு. வாங்குபவர் தன் பாதையின் அகலத்தைச் சொல்வார். தன் கொட்டகையின் வாசல் தாழ்வாக இருந்தால் ஓட்டுநர் அறையின் கூரையைத் தாழ்த்தச் சொல்வார். தன் வேகன்களுக்கு ஏற்ற பஃபரும் கப்ளிங்கும் கேட்பார். எண்ணெய்க் கிடங்குக்கும் வெடிமருந்து ஆலைக்கும் போகும் என்ஜினில், புகையோடு தீப்பொறி வெளியேறாதபடி கூடுதல் அமைப்பு வேண்டும். வந்து சேர்ந்த பிறகு ஆலையின் பட்டறை தன் கைவரிசையைக் காட்டும். உடைந்த படிக்கட்டுக்குப் பதில் வேறு படிக்கட்டு, கூடுதல் விளக்கு, கண்ணாடிக்குப் பதில் தகடு. முப்பது ஆண்டு உழைத்த ஒரு என்ஜின், தன்னோடு ஒரே மாதத்தில் பிறந்த இன்னொன்றைப் போலவே இருந்தால்தான் வியப்பு.

ஆகவே ‘இந்த மாதிரி துல்லியமானதா?’ என்ற கேள்வி பாதிக் கேள்விதான். எந்த என்ஜின், எந்த ஆண்டு என்பதும் சேர்ந்தால்தான் அதற்கு விடை உண்டு. ரஸ்டன் 48டிஎஸ் என்பது 48 குதிரைத்திறனும் சுமார் ஏழரை டன் எடையும் கொண்ட நான்கு சக்கரச் சிற்றுருவம். பிரிட்டனின் ஆலைகளில் மிகப் பரவலாக இருந்த வகைகளில் ஒன்று. ‘48டிஎஸ் இப்படித்தான் இருக்கும்’ என்று பொதுவாகச் சொல்லி ஒரு மாதிரியைப் பாராட்டுவதும் குறைகூறுவதும் பயனற்றவை. ஒரு குறிப்பிட்ட ஆலையின் பெயரும் எண்ணும் தீட்டப்பட்ட மாதிரி என்றால், அந்த ஆலையில் அந்த வண்ணத்தோடு ஓடிய நாள்களில் அது எப்படி இருந்தது என்பதே அளவுகோல்.

அதற்கான முதல் சாட்சி தயாரிப்புத் தகடு. ஓட்டுநர் அறையின் பக்கத்திலோ பானெட்டிலோ பொருத்தப்படும் அந்தத் தகட்டில் நிறுவனத்தின் பெயரும் தயாரிப்பு எண்ணும் இருக்கும். பலவற்றில் ஆண்டும் இருக்கும். ஆலை கைமாறலாம், வண்ணம் மாறலாம், என்ஜினுக்கு வைத்த பெயரும் மாறலாம். தயாரிப்பு எண் மாறாது. பிரிட்டனில் இண்டஸ்ட்ரியல் ரயில்வே சொசைட்டி இந்த எண்களை அடிப்படையாக வைத்து, எந்த என்ஜின் எந்த ஆலையில் இருந்தது, பிறகு எங்கே போனது என்று பட்டியல் நூல்களை வெளியிட்டுவருகிறது. எண் கிடைத்துவிட்டால் படங்களைத் தேடுவது எளிதாகிவிடும்.

மற்ற சாட்சிகளை எச்சரிக்கையோடு ஏற்க வேண்டும். தொழிற்சாலை வரைபடம் என்ஜின் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்று திட்டமிட்டதைக் காட்டும். கட்டி முடித்ததை அல்ல. அருங்காட்சியகத்திலோ ஆர்வலர்கள் நடத்தும் பாதையிலோ இன்று நிற்கும் என்ஜினை நாடா வைத்து அளக்கலாம், லேசர் ஸ்கேன் செய்யலாம். மில்லிமீட்டர் சுத்தமாக அளவு கிடைக்கும். ஆனால் அது இன்றைய என்ஜினின் அளவு. புதுப்பித்தபோது தகடு மாற்றியிருப்பார்கள், பாதுகாப்புக்காகக் கம்பி சேர்த்திருப்பார்கள், வேறொரு என்ஜினின் உறுப்பைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். ஸ்கேன் செய்து உருவாக்கிய மாதிரிகளில் வரும் பிழைகள் பெரும்பாலும் இந்த வகைதான்: உறுப்பு நுணுக்கமாக இருக்கும், காலம் தவறியிருக்கும். பழைய புகைப்படம் காலத்தைச் சரியாகச் சொல்லும், அளவைச் சரியாகச் சொல்லாது. மூன்றையும் ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அமெரிக்காவின் 44 டன் என்ஜின் இதற்கு நல்ல பாடம். அங்கே 1937-இல் ரயில்வே நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 90,000 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள என்ஜினில் ஓட்டுநரோடு ஃபயர்மேன் ஒருவரும் இருக்க வேண்டியிருந்தது. அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே, 88,000 பவுண்டில் ஜெனரல் எலெக்ட்ரிக் 1940-இல் கொண்டுவந்ததுதான் 44 டன் என்ஜின். நடுவில் ஓட்டுநர் அறை, இருபுறமும் தாழ்ந்த பானெட், ஒவ்வொரு பானெட்டுக்குள்ளும் ஒரு டீசல், பெரும்பாலும் கேட்டர்பில்லர். சிறு ரயில்வேக்களும் ஆலைகளும் இதை வாங்கின. 1956 வரை நீண்ட தயாரிப்பில் உருவம் ஒரே சீராக இருக்கவில்லை. போதாததற்கு விட்கோமும் டேவன்போர்ட்டும் அதே எடைக்கணக்கில் தங்கள் என்ஜின்களைக் கட்டின. கடைக்கு வரும் ஒரு மாதிரியில் உடல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் உடலாகவும், பக்கத்தில் தீட்டிய எண் டேவன்போர்ட் கட்டிய என்ஜினின் எண்ணாகவும் இருந்துவிட வாய்ப்பு உண்டு. அங்கே உடலில் ஒரு பிழைகூட இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அப்படியொரு என்ஜின் உலகில் ஓடியதே இல்லை. இதைச் சிறிய குறையாகக் கருதுவோர் உண்டு. ஒரு ரிவெட் குறைவதைவிட இது பெரிய பிழை.

சாட்சிகள் தயாரானதும் அளவெடுப்பு. 1:87 விகிதமுள்ள எச்ஓ அளவில், அசலின் நீளத்தை 87.1-ஆல் வகுக்க வேண்டும். ஜெனரல் எலெக்ட்ரிக்கின் 44 டன் என்ஜின் 33 அடி 5 அங்குலம், அதாவது 10,185 மி.மீ. நீளம், மாதிரி ஏறத்தாழ 117 மி.மீ. இருக்க வேண்டும். சக்கரத்தின் விட்டம் 33 அங்குலம், மாதிரியில் 9.6 மி.மீ. டிஜிட்டல் காலிபர் இருந்தால் போதும், இவற்றைச் சில நிமிடங்களில் சரிபார்த்துவிடலாம்.

சக்கரத்தில் வரும் சிறு பிழை எங்கெல்லாம் பரவுகிறது என்று பார்ப்பது பயன் தரும். கைவசம் இருக்கிறது என்பதற்காக 36 அங்குலச் சக்கரத்துக்கு உரிய 10.5 மி.மீ. சக்கரத்தைத் தயாரிப்பாளர் மாட்டியதாக வைத்துக்கொள்ளலாம். அச்சுத்தண்டின் மையம் 0.45 மி.மீ. உயரும், அதோடு உடல் முழுவதும் உயரும். அசலில் அது ஏறத்தாழ 39 மி.மீ. தூக்கலுக்குச் சமம். கப்ளிங்கின் உயரத்தைக் காப்பாற்ற அதைக் கீழே இறக்கிப் பொருத்துவார்கள். இறக்கினால் முன்தகட்டில் அது இருக்க வேண்டிய இடம் தவறும். தாழ்ந்து தரையோடு ஒட்டி நிற்க வேண்டிய என்ஜின் எழும்பி நிற்பதுபோல் தெரியும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். எதிர்ப்பக்க நியாயமும் ஒன்று உண்டு: அசல் சக்கரம் தேயும், தேய்ந்ததைக் கடைசல் பிடித்துச் சீராக்கும்போதெல்லாம் விட்டம் குறையும். எனவே புகைப்படத்தில் உள்ளதைவிட மாதிரியின் சக்கரம் இம்மியளவு பெரிதாக இருந்தால் அதை உடனே பிழையென்று எழுதிவிட வேண்டியதில்லை.

எவ்வளவு வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டும் என்பதற்குக் கண்ணே ஓர் எல்லை வகுத்துத் தருகிறது. நல்ல பார்வையுள்ள கண் சுமார் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும். 30 செ.மீ. தொலைவில் அது 0.09 மி.மீ. எச்ஓ அளவில் அது அசலின் 7 அல்லது 8 மி.மீ.க்குச் சமம். அதற்குக் கீழ்ப்பட்ட நீள வித்தியாசங்களை வெறுங்கண்ணால் காண முடியாது. விகிதப் பிழைகளுக்கும் கோணப் பிழைகளுக்கும் இந்தச் சலுகை பொருந்தாது. ஜன்னலின் அகலம் உயரத்தோடு பொருந்தாவிட்டாலும், கூரையின் வளைவு தட்டையாகிவிட்டாலும், பானெட்டின் மூலையில் வளைவு கூர்மையாகிவிட்டாலும் கண் உடனே பிடித்துக்கொள்ளும். ஓர் என்ஜினின் முகம் என்று சொல்லத்தக்கது இந்த வளைவுகளில்தான் இருக்கிறது.

விகிதங்களைச் சரிபார்க்க வரைபடம் கிடைக்காதபோது புகைப்படமே உதவும். நீளத்தை நேரடியாக அளக்காமல் ஒன்றை இன்னொன்றால் வகுத்துப் பார்க்க வேண்டும். 44 டன் என்ஜினின் மொத்த நீளம் சக்கர விட்டத்தைப் போல ஏறத்தாழ 12.2 மடங்கு. நேர் பக்கவாட்டில், தொலைவில் நின்று எடுத்த படத்தில் இந்த விகிதம் கிட்டத்தட்ட அப்படியே கிடைக்கும். அருகில் நின்று எடுத்த படமாக இருந்தால் காமிராவுக்குப் பக்கத்தில் உள்ள முனை பருத்தும் தொலை முனை சிறுத்தும் விழும். முன் தளத்தில் உள்ள சக்கரத்தை வைத்து, அதற்கு அப்பால் உள்ளடங்கி நிற்கும் பானெட்டை அளந்தால் கணக்குத் தப்பும். ஒரே தளத்தில் உள்ள உறுப்புகளை மட்டுமே ஒப்பிடுவது பாதுகாப்பானது.

பிரிட்டிஷ் மாதிரிகளில் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் சிக்கல் தண்டவாளத்தின் அகலம். அங்கே பரவலான ஓஓ அளவில் ஓர் அடி 4 மி.மீ. ஆகிறது, விகிதம் 1:76.2. நிலையான பாதையின் 1,435 மி.மீ. அகலம் இந்த அளவில் 18.83 மி.மீ. ஆக வேண்டும். ஆனால் ஓஓ மாதிரிகள் எச்ஓவுக்கு உரிய 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுகின்றன. உருவில் சிறிய பிரிட்டிஷ் என்ஜின்களின் உடலுக்குள் அன்றைய மோட்டாரை அடக்க வேண்டி உடலை மட்டும் பெரிதாக்கி, தண்டவாளத்தை அப்படியே விட்டதன் விளைவு இது. 48டிஎஸ் போன்ற ஒன்றை நேர் முன்னாலிருந்து பார்த்தால், உடல் அகலமாகவும் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கியும் தெரியும். இதைத் திருத்த விரும்புவோருக்கு 18.2 மி.மீ. அகலமுள்ள இஎம், 18.83 மி.மீ. அகலமுள்ள பி4 என்ற இரு தரங்கள் உண்டு. ஓஓ என்று அறிவித்து விற்கும் மாதிரியில் சக்கர இடைவெளி குறைவு என்று புகார் சொல்வது நியாயமில்லை. அந்தக் குறை அளவுத் தரத்தின் குறை. இந்திய அகலப்பாதை என்ஜின்களை எச்ஓவில் செய்வோருக்கும் இதே தலைவலி உண்டு. 1,676 மி.மீ. பாதைக்கு 19.2 மி.மீ. வேண்டும், கடையில் கிடைப்பதோ 16.5.

இப்படி இயற்பியலும் உற்பத்தி முறையும் கட்டாயப்படுத்தும் விலகல்களைத் தனியாகவும், கவனக்குறைவால் வரும் விலகல்களைத் தனியாகவும் வைத்துப் பார்ப்பதே மதிப்பீட்டின் உயிர்நாடி. அசல் சக்கரத்தின் உள்விளிம்பு சுமார் 28 மி.மீ. ஆழம், எச்ஓவில் அது 0.32 மி.மீ. அவ்வளவு மெல்லிய விளிம்பு சற்றே மேடுபள்ளமான தண்டவாளத்தில் தடம் புரளும். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் ஆர்பி-25 பரிந்துரையில், பரவலாகப் பயன்படும் 110 வகைச் சக்கரத்துக்கு 0.64 மி.மீ. ஆழம் வரை இடம் உண்டு, அகலம் 2.8 மி.மீ. அசலின் அகலத்தைச் சுருக்கினால் 1.6 மி.மீ.தான் வரும். சக்கரம் தடிக்கும்போது அதை மூடி நிற்கும் பக்கச் சட்டம் வெளியே தள்ளப்படுகிறது. தகட்டின் தடிமனும் அப்படியே. ஓட்டுநர் அறையின் 6 மி.மீ. இரும்புத் தகடு ஓஓவில் 0.08 மி.மீ. ஆக வேண்டும்; பிளாஸ்டிக்கை அவ்வளவு மெலிதாக வார்க்க முடியாது. அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் அசலில் 38 மி.மீ. சுவருக்குச் சமம். நல்ல தயாரிப்பாளர் ஜன்னலின் உள் ஓரங்களைச் செதுக்கி, வெளிப்பக்கம் மட்டும் மெலிதாகத் தெரியும்படி செய்துவிடுவார். கைப்பிடிக் கம்பிக்கு அந்தச் சாக்கும் இல்லை. 25 மி.மீ. கம்பி ஓஓவில் 0.33 மி.மீ.; அந்தத் தடிமனில் உலோகக் கம்பி எளிதாகக் கிடைக்கும். அங்கே 0.7 மி.மீ. பிளாஸ்டிக் குச்சி இருந்தால் அது விலையை மிச்சப்படுத்தியதன் அடையாளம்.

தொழிற்சாலை டீசல்களில் மன்னிக்கக் கூடாத பிழை ஒன்று உண்டென்றால் அது சக்கரங்களுக்கு இடையில்தான் வரும். நீராவி என்ஜினைப் போல வெளியே இணைப்புத் தண்டு வைத்து இரு அச்சுத்தண்டுகளையும் சேர்த்துச் சுழற்றுவது ஒரு முறை. கியர் பெட்டியிலிருந்து சங்கிலி வழியே இரண்டையும் சுழற்றுவது இன்னொரு முறை. 48டிஎஸ் இந்த வகை. பிரிட்டிஷ் பதிவேடுகளில் இந்த வேறுபாடு பெயரிலேயே தெரியும். இணைப்புத் தண்டு உள்ளதை 0-4-0 என்றும், தண்டு இல்லாமல் சங்கிலியாலோ கியராலோ ஓடுவதை 4டபிள்யூ என்றும் எழுதுவார்கள். அதன் பின்னால் வரும் டிஎம், டிஎச், டிஇ ஆகியவை முறையே டீசல்-மெக்கானிக்கல், டீசல்-ஹைட்ராலிக், டீசல்-எலெக்ட்ரிக் என்பதைக் குறிக்கும். சென்டினல் நிறுவனம் இரண்டு விதமாகவும் கட்டியது. மேல் உடலை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரே அடிச்சட்டத்தின் மேல் பல உடல்களை மாற்றி மாட்டி விற்கும் வழக்கம் பொம்மை ரயில் காலத்திலிருந்தே உண்டு. அந்த வழக்கத்தில் சங்கிலி என்ஜினுக்கு இணைப்புத் தண்டு முளைக்கும்; அச்சுத்தண்டுகளின் இடைவெளி அடிச்சட்டத்துக்கு ஏற்ப இழுபடும். இந்த இடைவெளிதான் உடலின் நீளத்தையும் படிக்கட்டின் இடத்தையும் முடிவு செய்கிறது. அடிச்சட்டம் தவறென்றால் மேலே எத்தனை நுணுக்கம் சேர்த்தாலும் உருவம் தேறாது.

மோட்டார் எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். சிறு என்ஜினின் பானெட்டுக்குள் இடம் போதாமல் மோட்டாரை ஓட்டுநர் அறைக்குள் நிறுத்திவிட்டால், ஜன்னல் வழியே ஓட்டுநர் இருக்கைக்குப் பதிலாகக் கறுத்த உலோகம் தெரியும். அதைத் தவிர்க்கப் பானெட்டைச் சற்றுப் பருமனாக்குவது இன்னொரு தந்திரம். முன்னாலிருந்து பார்க்கும்போது ஓட்டுநருக்கான ஜன்னல் குறுகிப்போவதைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்கலாம். அசலில் அடிச்சட்டத்துக்கும் தரைக்கும் இடையே வெளிச்சம் ஊடுருவும் இடங்கள் மாதிரியிலும் திறந்திருக்கின்றனவா என்பதும் இதோடு சேர்ந்தது.

எடையைச் சுருக்கக் கூடாது என்பது விசித்திரமாகத் தோன்றலாம். நீளம் 76.2 மடங்கு குறையும்போது கன அளவு அதன் மும்மடிப் பெருக்கத்தால், அதாவது நான்கு லட்சத்து நாற்பதாயிரம் மடங்குக்கு மேல் குறையும். ஏழரை டன் 48டிஎஸ் இந்தக் கணக்கில் 17 கிராம்தான். அந்த எடையில் நான்கு சக்கரங்கள் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் தடையின்றிப் பெறுவது அரிது. ஒரு தூசி போதும் வண்டி நிற்க. ஆகவே உள்ளே இருக்கும் ஒவ்வொரு கன மில்லிமீட்டரிலும் உலோகத்தை நிரப்புவார்கள். ஹார்ன்பி நிறுவனம் தன் ஓஓ 48டிஎஸ்ஸோடு ஒரு சிறு தட்டை வேகனையும் சேர்த்தே விற்றது. வேகனின் சக்கரங்களும் மின்சாரம் எடுத்து என்ஜினுக்குக் கொடுக்கும். எல்லா ஆலையிலும் அப்படியொரு வேகன் கூடவே ஓடியதா என்று கேட்கலாம். என்ஜினின் உருவத்தைக் கெடுக்காமல் ஓட்டத்தைக் காப்பாற்றிய நேர்மையான தீர்வு அது. மின்தேக்கி வைத்து ஒரு கணம் தாக்குப்பிடிக்க வைப்பதும் அதே போன்றதே.

ஓட்டத்தையும் அளக்கலாம். ஆலை வளாகத்தில் மணிக்கு 10 கி.மீ. என்பதே போதுமான வேகம். ஓஓவில் அது நொடிக்கு 3.6 செ.மீ.; ஒரு மீட்டர் தண்டவாளத்தைக் கடக்க 27 நொடிக்கு மேல் ஆக வேண்டும். பல மாதிரிகள் இந்த வேகத்தில் திக்கித் திணறும், அல்லது நின்றுவிடும். மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் இடையே போதிய கியர் குறைப்பு இல்லை என்பதே அதன் பொருள். உருவத்தில் முழு மதிப்பெண் வாங்கிய ஒரு ஷண்டிங் என்ஜின் நடைவேகத்தில் ஊர்ந்து செல்ல முடியாவிட்டால் அதைத் துல்லியமானது என்று சொல்ல மனம் வராது. ஒலி அமைப்பு உள்ள 44 டன் மாதிரியில் இன்னொன்றைக் கேட்க வேண்டும். அசலில் இரண்டு டீசல்கள். ஒன்று கிளம்பிய பிறகு மற்றது கிளம்பும் சத்தம் தனியாகக் கேட்க வேண்டும்.

வண்ணத்தில் கண்டிப்புக் காட்டுவது கடினம். பழைய வண்ணப் படங்களின் சாயம் காலப்போக்கில் திரிந்திருக்கும். அசலும் வெயிலில் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கும் ஆலையின் தூசியும் படிந்து நின்றது. சுண்ணாம்புக்கல் குவாரியின் என்ஜினில் வெண்தூசி படியும். நிலக்கரி முற்றத்தில் கருமை படியும். எழுத்தின் வடிவம், உயரம், அது அமரும் இடம் ஆகியவற்றைத்தான் கறாராக ஒப்பிட முடியும். பூச்சின் தடிமனும் கண்காணிக்கத்தக்கது. அசலில் 20 மி.மீ. விட்டமுள்ள ரிவெட் தலை ஓஓவில் கால் மில்லிமீட்டர்தான். இரண்டு கோட்டுப் பூச்சு தடித்து விழுந்தால் அது மழுங்கிவிடும். சாய்வாக ஒளி பாய்ச்சிப் பார்த்தால் மறைந்துபோன ரிவெட் வரிசை தெரிந்துவிடும்.

பழைய மாதிரிகளை வாங்கும்போது கடைசியாக அடிச்சட்டத்தை மறுபடி அளக்க வேண்டும். துத்தநாகக் கலவையில் வார்த்த சட்டத்தில் ஈயம் போன்ற மாசு சிறிதளவு கலந்துவிட்டால், உலோகத் துகள்களின் எல்லைகளில் அரிப்பு தொடங்கிச் சட்டம் ஆண்டுக்கணக்கில் மெல்ல வீங்கும். வெளியே வந்த நாளில் சரியான அளவில் இருந்த மாதிரி, பிறகு உடலை இரு முனைகளிலும் நெம்பித் தள்ளும்; அச்சுத்தண்டுகளின் இடைவெளி கூடும்; இறுதியில் சட்டம் விரிசல் விட்டு உதிரும். பஃபர் தகடு வெளியே பிதுங்கியிருப்பது, உடலுக்கும் சட்டத்துக்கும் இடையில் புதிதாக இடைவெளி தெரிவது, பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் ஓடுவது ஆகியவை அதன் முதல் அறிகுறிகள். தயாரிப்பாளர் வெளியிட்ட அளவைவிடக் காலிபரில் வரும் அளவு அரை மில்லிமீட்டர் கூடுதலாக நின்றால், உடலைக் கழற்றிச் சட்டத்தை நேரடியாகப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.